கழிப்பதற்கென்று செய்த வண்டியும் காத்துப் பேணும் கலையும்

ஒரு பொருளைக் காப்பது வேறு. அதைப் பயன்படுத்திக்கொண்டே காப்பது வேறு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் செப்புத் திருமேனியை எவரும் தொடுவதில்லை. ஆதலின் அது தேய்வதுமில்லை. வழிபாட்டில் உள்ள கோயிலோ எண்ணெயும் புகையும் நீரும் காலடியும் பட்டு நாளும் தேய்கிறது. அதற்குத் திருப்பணி வேண்டும். அத்திருப்பணியில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் வினாவும் உடன் எழுகிறது. இதே வினா, பலரும் எதிர்பாராத ஓரிடத்திலும் எழுந்துள்ளது. அமெரிக்கப் பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பித்து மீண்டும் சாலையில் ஓட்டுவோரின் பட்டறையே அவ்விடம்.

ஆண்டுதோறும் புதுக்கோலம்

இந்த வரலாற்றில் முதலில் நோக்கத்தக்க வியப்பு ஒன்று உண்டு. இன்று இத்துணைப் பரிவோடு காக்கப்படும் வண்டிகள், நெடுங்காலம் நிலைக்கவேண்டும் என்னும் கருத்தோடு விற்கப்பட்டவை அல்ல.

ஹென்றி போர்டு 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டி' மாதிரி வண்டி, 1927 வரை பெரிய மாற்றமின்றி ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. ஒருமுறை வாங்கியவர் அதையே பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்பது போர்டின் எண்ணம். 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்பிரட் சுலோன் வேறு வழி கண்டார். ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றினால், சென்ற ஆண்டு வாங்கியவருக்கும் இவ்வாண்டு வண்டியின்மீது ஆசை பிறக்கும் என்பது அவர் கணக்கு. 1927இல் ஹார்லி ஏர்ல் என்னும் வடிவமைப்பாளரின் கீழ் வண்டிகளின் அழகுக்கென்றே ஒரு தனிப் பிரிவு அந்நிறுவனத்தில் அமைந்தது. அதே ஆண்டில் போர்டின் 'டி' மாதிரி முடிவுற்றது. அன்றுமுதல் அமெரிக்க வண்டி என்பது சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளும் பொருள் என்றாயிற்று.

1955ஆம் ஆண்டுச் செவ்ரலே

அவ்வழியில் வந்த வண்டிகளுள் 1955ஆம் ஆண்டுச் செவ்ரலே தனிச்சிறப்புடையது. 1929 முதல் ஆறு உருளை இயந்திரத்தையே நம்பியிருந்த செவ்ரலே, எட் கோல் என்னும் தலைமைப் பொறியாளரின் முயற்சியால் இவ்வண்டியில் எட்டு உருளைகள் கொண்ட புதிய 'வி-8' இயந்திரத்தைப் பொருத்தியது. அதன் கொள்ளளவு 265 கன அங்குலம், அதாவது 4.3 லிட்டர்; தொடக்க ஆற்றல் 162 குதிரைத்திறன்; எடையோ பழைய ஆறு உருளை இயந்திரத்தினும் சற்றுக் குறைவு. மின்னமைப்பு 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு உயர்ந்ததும் அவ்வாண்டிலேதான். ஏறத்தாழ 17 லட்சம் வண்டிகள் அம்மாதிரியில் வெளிவந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ஐந்து கோடியாவது வண்டியாக 1954 நவம்பரில் பிளின்ட் நகரில் பொன்வண்ணம் பூசி வெளிவந்ததும் இம்மாதிரியே.

அந்த இயந்திரத்தின் குடும்பம் அதன்பின் பல தலைமுறைகளாக வளர்ந்தது. 2011இல் பத்துக் கோடியாவது இயந்திரம் செய்யப்பட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. இதனால் விளைந்த பயன் பெரிது. அரிய வண்டி ஒன்றைப் புதுப்பிப்பவர் ஒரு பற்சக்கரத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். செவ்ரலேக்காரருக்கு அந்தத் துன்பம் இல்லை. உதிரிப் பாகங்கள் மலிந்திருப்பதே இவ்வண்டி இன்றும் ஓடுவதற்கு முதற்காரணம்.

காப்போர் இருவகையினர்

பழைய வண்டிகளைக் காக்கும் அமைப்புகள் அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே தோன்றின. தொன்மை வண்டிச் சங்கம் 1935இல் பென்சில்வேனியா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் 1950 முதல் வண்டி அழகுப் போட்டி நடைபெற்று வருகிறது. விற்பனைக் கூடத்திலிருந்து வெளிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஒரு வண்டியை மீட்பது இச்சங்கத்தாரின் நோக்கு. திருகாணியின் தலை முதல் துணியின் இழை வரை நடுவர்கள் ஆராய்வார்கள்.

இதற்கு நேர்மாறாக, பழைய உடலில் பேராற்றல் இயந்திரத்தைப் பொருத்தி விரைவையே நாடிய இளைஞர் கூட்டமும் கலிபோர்னியாவில் எழுந்தது. அவர்களுக்கென்றே 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்னும் இதழும் தோன்றியது. மூலத்தை மாற்றாதே என்பது ஒரு சாரார் கொள்கை. மூலம் எதுவானால் என்ன என்பது மறுசாரார் போக்கு.

இவ்விரண்டிற்கும் இடையில் மூன்றாம் வழி ஒன்று மெல்ல உருவாயிற்று. வண்டியின் உருவமும் இயல்பும் மாறலாகாது. ஆனால் அது நாள்தோறும் ஓடவேண்டும். ஓட்டுபவரும் எதிரே வருபவரும் உயிரோடு வீடு திரும்பவேண்டும். இதற்கு எத்துணை மாற்றம் தேவையோ அத்துணை மட்டுமே செய்வது என்பதே அவ்வழி. பரிசு வாங்கும் வண்டிகளுள் பல, வேறொரு வாகனத்தின்மேல் ஏற்றப்பட்டே கண்காட்சிக்கு வருகின்றன. இவ்வழியினரின் வண்டியோ மழையிலும் வெயிலிலும் தானே ஓடி வருகிறது.

முதலில் துருவை நீக்குதல்

புதுப்பித்தல் உடலிலிருந்து தொடங்குகிறது. அக்காலத்து எஃகுத் தகட்டுக்குத் துருவே முதற்பகை. நீர் தங்கும் தரைத்தகடு, கதவின் அடிப்பகுதி, பின்பெட்டியின் தளம் ஆகியவை முதலில் அரிக்கப்படுகின்றன. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதிய தகட்டை வைத்துப் பற்றவைத்து, அதன் பின்னரே வண்ணம் பூசவேண்டும். துருவின்மேல் பூசிய வண்ணம் புண்ணின்மேல் பூசிய சாந்து போன்றது.

பழைய வண்ணத்தை விரைவில் நீக்க மணல் வீச்சு முறையைக் கையாள்வோர் உண்டு. தடித்த அடிச்சட்டத்திற்கு அது பொருந்தும். மெல்லிய தகடோ அவ்வீச்சில் நெளிந்துவிடும். தமிழகக் கோயில்களின் கற்சுவர்களை இம்முறையால் தூய்மை செய்தபோது கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தன என்று அறிஞர்கள் முறையிட்டதும், பின்னர் அங்கு அம்முறை தடைசெய்யப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கன. அவசரத் தூய்மை கல்லிலும் எஃகிலும் ஒரே வகைக் கேட்டையே விளைக்கிறது.

அளவான மாற்றங்கள்

உடல் உறுதியான பின் வரும் மாற்றங்களுள் முதன்மையானது பிரேக். 1955ஆம் ஆண்டு வண்டியின் நான்கு சக்கரங்களிலும் உருளை வடிவ 'டிரம்' பிரேக்குகளே இருந்தன. மலைச்சரிவில் தொடர்ந்து மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். இதனினும் கொடிய குறை ஒன்று உண்டு. பிரேக் எண்ணெய் முழுவதும் ஒரே கலத்திலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் சென்றது. எங்கேனும் ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் ஒருங்கே செயலற்றுப் போகும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிக் கலம் அமைத்த முறை 1967ஆம் ஆண்டு மாதிரிகளில்தான் அமெரிக்காவில் பரவலாயிற்று. ஆகவே இரட்டைக் கலமும், முன்சக்கரங்களில் தட்டு வடிவ 'டிஸ்க்' பிரேக்கும் பொருத்துவது இவ்வழியினரின் முதற்கடமை.

அடுத்தது மின்சாரம். பழைய டைனமோ, இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரம் தராது. சாலைச் சந்திப்பில் நிற்கையில் விளக்குகள் மங்கும். 'ஆல்டர்னேட்டர்' பொருத்தினால் அக்குறை தீரும். தீப்பொறி எழுப்பும் தொடுமுனைகள் தேய்ந்து அடிக்கடி மாற்றவேண்டியவை. அவற்றுக்கு ஈடான மின்னணுக் கருவி, பழைய மூடியின் உள்ளேயே மறைந்துவிடும் அளவினது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது.

எரிபொருளின் மாற்றமும் இயந்திரத்தைத் தொட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் வால்வுகளின் இருக்கையை ஒருவாறு காத்து வந்தது. நஞ்சாகிய அந்த ஈயம் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996 தொடக்கம் முதல் தடை செய்யப்பட்டது. 2021இல் உலகெங்கும் வண்டிகளுக்கான விற்பனை முடிவுற்றது. எனவே இயந்திரத்தைப் பிரிக்கும்போதே கடினப்படுத்திய எஃகு வளையங்களை அவ்விருக்கைகளில் பதிக்கின்றனர். 1955ஆம் ஆண்டு 'வி-8' இயந்திரத்தின் கட்டமைப்பில் எண்ணெய் வடிகட்டிக்கு இடமே இல்லை. அது 1956இல்தான் வந்தது. அக்குறையையும் பலர் நிரப்பிக்கொள்கின்றனர்.

மலாயா ரப்பரும் அமெரிக்கச் சக்கரமும்

டயரைப் பற்றிய செய்தி மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு அயலானதன்று. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு 1877இல் ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் அதன் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதன்பின் மலாயாவில் காடழித்துத் தோட்டம் கண்டு விடியற்காலையில் மரம் சீவியவர்களுள் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தொழிலாளர். அவர்கள் சேர்த்த பாலுக்கு அமெரிக்க மோட்டார்த் தொழிலே பெருஞ்சந்தை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பிரித்தானியப் பேரரசுக்கு டாலர் ஈட்டித் தந்தவற்றுள் மலாயா ரப்பரே தலையாயது. செயற்கை ரப்பர் பெருகிய பின்னும் அத்தொடர்பு அறவில்லை.

1955ஆம் ஆண்டு டயர்களில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடந்தன. சாலைப் பள்ளத்தில் அவை வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946இல் உரிமம் பெற்ற 'ரேடியல்' டயரில் இழைகள் நேர்க்குறுக்காக ஓடி, அவற்றின்மேல் எஃகுக் கச்சை அமையும். வளைவில் பிடிப்பும் ஈரத்தில் உறுதியும் அதற்கு மிகுதி. அதற்கு இயற்கை ரப்பரும் முன்னதைவிடக் கூடுதலாக வேண்டும். பழைய செவ்ரலேக்கு ரேடியல் டயர் போடுவது, செலவு குறைந்த, ஆனால் பயன் மிகுந்த மாற்றம் என்பர்.

எல்லையைக் காட்டிய சோதனை

இத்தனை மாற்றினும் பழைய வண்டி புதிய வண்டி ஆகிவிடாது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாலைகளில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். அவ்வாண்டில்தான் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் அங்கு நிறைவேறியது. மோதலில் மடங்கிக் கொடுக்கும் ஓட்டுதண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1967ஆம் ஆண்டு மாதிரிகளில் புகுத்தியது. அதற்கு முற்பட்ட வண்டிகளில் அத்தண்டு ஓட்டுநரின் மார்பை நோக்கிய ஈட்டியே.

2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் சார்ந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம், தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவில் ஒரு சோதனை நடத்தியது. 1959ஆம் ஆண்டுச் செவ்ரலே பெல் ஏர் ஒன்றும், 2009ஆம் ஆண்டுச் செவ்ரலே மாலிபு ஒன்றும் மணிக்கு 40 மைல் விரைவில் நேருக்கு நேர் மோதவிடப்பட்டன. கனத்த எஃகுடைய பழைய வண்டியே வெல்லும் என்று நம்பியோர் திகைத்தனர். பழைய வண்டியின் ஓட்டுநர் அறை நொறுங்கியது. அதில் மனிதன் இருந்திருந்தால் இறந்திருப்பான். புதிய வண்டியில் இருந்தவருக்கோ காலில் சிறு காயமே நேர்ந்திருக்கும். மோதும் வேளையில் உயிரைக் காப்பது, கசங்க வேண்டிய பகுதி கசங்கி, காக்கவேண்டிய அறை நிலைத்து நிற்கும் அமைப்பு என்பது அன்று வெளிப்பட்டது. அவ்வமைப்பைப் பின்னர் ஒட்டவைக்க இயலாது. இடைவார் பூட்டலாம், நன்றாக நிறுத்தும் பிரேக் பொருத்தலாம், எஞ்சியதை ஓட்டுபவரின் நிதானமே நிரப்பவேண்டும்.

கழற்றியதைக் காத்தல்

தேவை மட்டுமே ஆசானாக நின்றால் எவ்வளவு மாற்றம் நிகழும் என்பதற்குக் கியூபா சான்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வணிகம் தடைப்பட்டபின், அங்கிருந்த 1950களின் வண்டிகள் சோவியத் இயந்திரங்களையும் டீசல் இயந்திரங்களையும் ஏற்று ஓடலாயின. அவற்றில் வெளியுடல் மட்டுமே செவ்ரலே. அது பிழையன்று, பிழைப்பு. ஆயின் வாய்ப்புடையவர் அவ்வெல்லைக்குச் செல்லவேண்டியதில்லை.

கட்டடங்களைக் காப்பதற்கென 1964இல் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் வகுக்கப்பட்டது. அதைப் பின்பற்றிப் பழைய வண்டிகளுக்கென உலக வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு 2013 அளவில் டூரின் சாசனத்தை ஏற்றது. ஓடும் வண்டியை ஓடும் நிலையிலேயே காக்கவேண்டும். மாற்றம் தேவையானால் அது மூல அமைப்பைச் சிதைக்கலாகாது. மீண்டும் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கழற்றிய மூலப் பாகங்களை வண்டியோடு பேணவேண்டும் என்பன அதன் சாரம். திருகாணி கொண்டு பொருத்திய டிஸ்க் பிரேக் இவ்விதிக்கு உட்படும். அடிச்சட்டத்தை அறுத்துச் செய்த மாற்றம் உட்படாது.

தமிழாசிரியர்க்கு இந்நெறி புதிதன்று. மொழியில் பழஞ்சொற்கள் வழக்கொழிவதையும் புதுச்சொற்கள் இடம்பெறுவதையும் நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்த நல்லாசிரியர்களும் திருத்திய பாடத்தை மேலே இட்டு, மூலப் பாடத்தை அடிக்குறிப்பில் காத்தனர். பின்வருபவர் மீண்டும் ஆராய அவ்வழி திறந்தே இருந்தது. பட்டறையின் மூலையில் எண்ணெய்த் துணி சுற்றி வைக்கப்பட்ட பழைய டைனமோவும் அத்தகைய அடிக்குறிப்பே. மாற்றியவர் தம் காலத்திற்கு வேண்டியதைச் செய்துகொண்டார். அடுத்த தலைமுறைக்கு உரியதை அழிக்கவில்லை. சில ஆண்டுகளில் கழிப்பதற்கென்று செய்த வண்டி எழுபது ஆண்டு கடந்தும் சாலையில் ஓடுவது, இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிய கைகளாலேயே ஆகும்.