கொதிகலன் செய்தவர்களின் காது

வீட்டில் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஏதேனும் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். அமைதியான அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, கடிகாரத்தை உங்கள் காதருகிலிருந்து மெல்ல மெல்ல விலக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். 'டிக் டிக்' ஒலி எந்தத் தூரத்தில் மறைகிறதோ அதை அளந்து குறித்துக் கொள்ளுங்கள். மின் கருவிகள் தோன்றுவதற்கு முன் காது மருத்துவர்கள் செவித்திறனை அளந்த முறைகளுள் இதுவும் ஒன்று. ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886ஆம் ஆண்டில் ஓர் உண்மையை நிலைநாட்டியது இப்படிப்பட்ட ஒரு கடிகாரத்தைக் கொண்டுதான்.

இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது அப்போதே பழைய செய்தி. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் அது விரிவாக்கப்பட்டது. வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்ததையும், நாள் முழுதும் சுத்தியல் ஓசையில் உழன்று முதுமையில் முற்றும் செவிடாகிப் போனதையும் அதில் எழுதியிருக்கிறார். ஆனால் 'அந்தத் தொழிலுக்குப் போனால் காது போகும்' என்பதை உலகம் விதி போல ஏற்றுக்கொண்டது. தொழிலாளியும் அப்படியே ஏற்றுக்கொண்டான்.

கிளாஸ்கோ நகரம் கிளைடு நதிக் கரையில் இருக்கிறது. நீராவிக் கப்பல்களும் அவற்றுக்கு வேண்டிய கொதிகலன்களும் அங்கே ஏராளமாகச் செய்யப்பட்டன. இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணிகளைத் துளைகளில் செருகி அடித்து இணைக்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் சுத்தியலால் அடிப்பார்கள். ஆணியின் மறுமுனையைக் கனத்த இரும்பால் தாங்கிப் பிடிப்பதற்கு ஒருவன் கொதிகலனுக்கு உள்ளேயே இருப்பான். அவன் நிலையை எண்ணிப் பாருங்கள். நாலாபுறமும் இரும்புச் சுவர். ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் ஒன்றும் உள்ளே இல்லை. ஒவ்வோர் அடியும் சுவருக்குச் சுவர் எதிரொலித்து, அடங்குமுன் அடுத்த அடி விழும்.

பார் செய்தது எளிய காரியம். ஆனால் யாரும் அதுவரை முறையாகச் செய்யாதது. கொதிகலன் தொழிலாளர் 100 பேரை அழைத்துக் கடிகாரத்தால் சோதித்தார். அதோடு நிற்கவில்லை. இரைச்சல் குறைந்த இரும்பு வார்ப்புத் தொழிலாளர் 100 பேரையும், தெருவில் நடந்து திரியும் தபால்காரர் 100 பேரையும் அதேபோல் சோதித்தார். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் அளவீட்டுக்குப் பொருளில்லை என்று நாங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் சலிக்காமல் சொல்வது இதைத்தான். கொதிகலன் தொழிலாளர் நூற்றுவரில் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. பொதுக் கூட்டங்களில் பேசுவதைக் கேட்க முடிகிறதா என்றும் பார் விசாரித்தார். அவர்களில் முக்கால் பங்கினர் சிரமம் என்றோ, முடியவே இல்லை என்றோ சொன்னார்கள். மற்ற இரு பிரிவிலும் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. இந்தக் கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கடிகாரம் கேட்காவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? மனிதர் பேச்சு கேட்காவிட்டால் கூட்டத்தின் நடுவிலும் ஒருவன் தனியன்.

உள்ளே கெடுவது எது? நத்தை வடிவான உட்செவியில், 1851இல் கோர்ட்டி விவரித்த உறுப்பின்மேல் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. இரைச்சலில் உழைத்த ஓர் உலோகத் தொழிலாளியின் உட்செவியை அவர் இறந்தபின் ஹாபர்மான் 1890இல் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நத்தையின் அடிச்சுற்றில் கோர்ட்டி உறுப்பு அழிந்துபோயிருந்தது. பறவைகளுக்கு இச்செல்கள் மீண்டும் முளைக்கின்றன. நமக்கு முளைப்பதில்லை.

பேரொலி வந்தால் நடுச்செவியிலுள்ள சிறு தசை சுருங்கி அதிர்வைக் குறைக்க முயலும். ஆனால் அதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் பிடிக்கும். சுத்தியல் அடியின் உச்சம் அதற்குள் உள்ளே போய்விடும். டெசிபெல் கணக்கையும் கவனியுங்கள்: 3 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் இருமடங்கு. எனவே 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 88இல் 4 மணி நேரந்தான். 100இல் வெறும் 15 நிமிடம். இன்று காதில் செருகும் இயர்போன்களில் பல, முழு அளவில் வைத்தால் இந்த 100ஐ எட்டக் கூடியவை. கொதிகலனுக்குள் நுழையாமலே அந்தத் தொழிலாளியின் இடத்தில் போய் உட்கார்கிறோம்!

அடிச்சுற்று பறிபோனால் உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்கும். உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அது கேட்கும். மெய்யெழுத்துகளின் கூர்மை போய்விடும். 'பட்டு' என்றார்களா, 'பத்து' என்றார்களா என்று தெரியாது. 'காது கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை' என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், அது சாக்கு அல்ல. அவரிடம் கத்தாதீர்கள், கத்தினால் உயிரோசைதான் பெருகும். வெளிச்சத்தில் முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசுங்கள். உதட்டசைவு பாதிப் பொருளைத் தந்துவிடும். சோதித்துப் பார்த்துக் காது கேட்கும் கருவியை விரைவில் அணிவதும் நல்லது. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் பழகுவது கடினமாகும். எண்ணெய் விடுவதும் ஊக்கு விட்டுக் குடைவதும் இதற்கு மருந்தல்ல. இரைச்சலில் வேலை செய்வோர்க்கு வெறும் பஞ்சு போதாது. சரியாகச் செருகிய நுரை அடைப்பான் 20 டெசிபெல் அளவுக்குக்கூடக் குறைக்கும்.

பாரின் ஆய்வுக்குப் பின் கிளைடு நதிக்கரை என்ன ஆயிற்று? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரிவெட் ஆணிகளின் இடத்தை மின்பற்றவைப்பு பிடித்ததும் சுத்தியல் ஓசை அடங்கத் தொடங்கியது. காதுக்காக அல்ல, வேகத்துக்காகவும் செலவுக்காகவும் வந்த மாற்றம் அது! பிரிட்டனில் தொழில்வழிச் செவிட்டுத்தன்மை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்கப்பட்டது 1975ஆம் ஆண்டில்தான். அதுவும் இரைச்சலில் 20 ஆண்டு உழைத்தவர்களுக்கு மட்டுமே முதலில் கிடைத்தது. பார் சோதித்த 100 பேரில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை.