கோக்கு போன பிறகு

சென்ற வாரம் ஜப்பானின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ உச்சிக்கு ஏறிய கதையைப் பார்த்தோம். 1995ஆம் ஆண்டுக்கான 3-4 கூட்டிதழ் 1994 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. அச்சான பிரதிகள் 65 லட்சத்து 30 ஆயிரம். பள்ளிப் பையன்களுக்காக நடத்தப்படும் ஒரு படக்கதை வார இதழ், மட்டமான மறுசுழற்சித் தாளில், ஏறக்குறைய இருபது தொடர்களோடு, அவ்வளவு விற்றது. உலகில் வேறெந்தப் படக்கதை வார இதழும் அந்த எண்ணிக்கையை இன்றுவரை எட்டவில்லை.

மூன்றே ஆண்டுகளில் அந்த இதழ் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

காரணம் கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: பெரிய தொடர்கள் முடிந்தன, வாசகர்கள் போய்விட்டார்கள். தேதிகளைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். யோஷிஹிரோ தொகாஷியின் ‘யூ யூ ஹகுஷோ’ 1994 ஜூலையில் முடிந்தது. அகிரா தோரியாமாவின் ‘டிராகன் பால்’ பத்தரை ஆண்டு ஓடி, 519ஆம் அத்தியாயத்தோடு 1995 மே மாதம் நின்றது. அடுத்த ஆண்டு ஜூனில் தகேஹிகோ இனோவேயின் ‘ஸ்லாம் டங்க்’. இரண்டு ஆண்டுக்குள் மூன்று தூண்களும் சாய்ந்தன.

ஆனால் இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. தொடர் என்றால் ஒருநாள் முடியத்தான் செய்யும். அந்த இடத்தில் நிற்க அடுத்த தொடர் ஏன் தயாராக இல்லை என்பதுதான் கேள்வி.

ஜம்ப் 1968இல் தொடங்கியபோது அதன் கையில் எதுவும் இல்லை. கோடன்ஷாவின் ‘ஷோனென் மேகசின்’, ஷோகாக்குகானின் ‘ஷோனென் சண்டே’ இரண்டும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்து, பெயர்பெற்ற ஓவியர்களை எல்லாம் வைத்திருந்தன. ஷூயிஷா நிறுவனத்தின் இந்தப் புது இதழுக்குக் கிடைத்தவர்கள் கோ நாகாய், ஹிரோஷி மோட்டோமியா போன்ற இளைஞர்கள். வேறு வழியில்லாமல் எடுத்த முடிவே பிறகு கொள்கை ஆனது: புதியவர்களை எடு, அவர்களுக்கு ஓர் உதவி ஆசிரியரைத் துணைக்குப் போடு, வாசகன் சொல்வதைக் கேள்.

வாசகன் சொல்வதைக் கேட்க ஓர் அஞ்சலட்டை இருந்தது. இதழோடு சேர்த்தே கட்டிய அட்டை அது. அந்த வாரம் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து, பையன் தன் காசில் தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். முதலில் வந்துசேரும் அட்டைகளை எண்ணியே தொடர்களின் தலைவிதியை முடிவு செய்தார்கள். அட்டையில் தேறாத புதுத் தொடர் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தப்படும். ஈவிரக்கமில்லாத முறைதான். ஆனால் எல்லோரும் புதியவர்களாக இருந்த காலத்தில் அது நியாயமாகவே நடந்தது.

1990களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. அட்டையில் இருப்பதோ மூன்றே இடம். ‘டிராகன் பால்’, ‘ஸ்லாம் டங்க்’, ‘யூ யூ ஹகுஷோ’ என்று மூன்றையும் நிரப்பிவிட்டு அட்டையைத் தபாலில் போட்டுவிடலாம். நேற்று வந்த இருபது வயது ஓவியன் எந்த இடத்தில் நுழைவான்? விற்பனை ஏறிக்கொண்டே இருந்ததால் உள்ளே நடந்தது வெளியே தெரியவில்லை. 65 லட்சம் விற்ற காலத்திலேயே நாற்றங்கால் காய்ந்திருந்தது என்பது என் எண்ணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெயித்த தொடரை முடிக்க மனம் வராது. ‘டிராகன் பால்’ கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் ‘முற்றும்’ போட இயல்பான இடங்கள் எத்தனை வந்துபோயின என்று. வில்லன் ஃப்ரீஸா வீழ்ந்தபோது முடிந்திருக்கலாம். அடுத்த வில்லன் செல்லை நாயகன் கோக்குவின் மகன் கோஹான் வென்றபோது தந்தையின் இடத்துக்கு மகன் வந்தாயிற்று, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். செத்துப்போன கோக்கு திரும்ப வந்தான், கதை இன்னும் நீண்டது. வாரம் தவறாமல் பக்கம் வரைந்து தள்ளும் ஒரு மனிதனின் முதுகை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனோவே விஷயம் இன்னும் கூர்மையானது. ‘ஸ்லாம் டங்க்’ நாயகர்களின் ஷோஹொகு பள்ளி அணி சன்னோ பள்ளி அணியோடு ஆடும் கூடைப்பந்து ஆட்டம் மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. அதில் ஷோஹொகு ஜெயிக்கிறது. அடுத்த சுற்றில் தோற்றுப்போகிறது, அந்தத் தோல்வியைக் கதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது. நட்பு, உழைப்பு, வெற்றி என்ற மூன்று சொல்லைக் கொள்கையாக வைத்திருந்த பத்திரிகையில், ஓர் ஓவியர் தன் நாயகர்களைத் தோற்கவிட்டு விடைபெற்றார். அந்தக் கடைசி அத்தியாயத்தின் முடிவில் அச்சான வாசகம் ‘முதல் பாகம் முற்றும்’. இரண்டாம் பாகம் இன்றுவரை வரவில்லை. வரவும் தேவையில்லை, கதை அங்கே நிறைந்துவிட்டது.

தொடர்களை விட்டு வெளியேயும் காரணங்கள் இருந்தன. 1971 முதல் 1974 வரை ஜப்பானில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. ஜம்ப் வளர்ந்தது அந்தப் பிள்ளைகளோடுதான். 1994இல் அவர்கள் இருபதை எட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு பத்து வயதை எட்டிய பிள்ளைகளோ 15 லட்சத்துக்கும் குறைவு. 1994 டிசம்பர் 3 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜம்ப் உச்சம் தொட்ட அதே மாதம்.

1996இல் ஆசிரியர் நாற்காலியில் கசுஹிகோ தோரிஷிமா உட்கார்ந்தார். தோரியாமாவைக் கண்டெடுத்து வளர்த்தவர் அவர்தான். பிடிக்காத பக்கங்களைத் தயங்காமல் திருப்பித் தரும் அவரை, தோரியாமா ‘டாக்டர் ஸ்லம்ப்’ தொடரில் மஷிரிட்டோ என்ற வில்லன் விஞ்ஞானியாகவே வரைந்து பழிதீர்த்தார். அந்த மனிதர் இன்னொரு ‘டிராகன் பால்’ தேடவில்லை என்பதுதான் முக்கியம். பழைய வழிக்கு, புதியவர்களிடம், திரும்பினார்.

நொபுஹிரோ வட்சுகி அப்போது ‘ருரோனி கென்ஷின்’ வரைந்துகொண்டிருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் குமாமோட்டோவிலிருந்து வந்த எய்ச்சிரோ ஓடா. கடற்கொள்ளையர் கதை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஆசிரியர் குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. தோரிஷிமாவே எதிர்ப்பக்கம்தான் இருந்தார். இருந்தும் வாதத்தின் முடிவில் வழிவிட்டார். 1997 ஜூலையில் ‘ஒன் பீஸ்’ தொடங்கியபோது ஓடாவுக்கு வயது 22.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் ‘கிண்டாய்ச்சி’, ‘ஜி.டி.ஓ.’ தொடர்களின் பலத்தோடு ‘ஷோனென் மேகசின்’ முந்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்துவைத்திருந்த முதலிடம் போயிற்று. மருந்து உள்ளே போன பிறகும் காய்ச்சல் ஏறியது. புதுத் தொடர் வேர்பிடிக்க ஆண்டுகள் ஆகும், இறங்கும் விற்பனையோ வாரக்கணக்கில் தெரியும். அந்த இடைவெளியில் பதறாமல் இருந்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1998இல் தொகாஷியே ‘ஹன்டர் ஹன்டர்’ கதையோடு திரும்பினார். 1999இல் மசாஷி கிஷிமோட்டோவின் ‘நருட்டோ’ வந்தது, 2001இல் டைட்டோ குபோவின் ‘ப்ளீச்’. 2002இல் முதலிடம் மீண்டது. 65 லட்சம் மீளவில்லை.

இப்போது அதே கதை இன்னொரு சுற்று வருகிறது. ‘நருட்டோ’ 2014இல் முடிந்தது. நாற்பது ஆண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் வந்த ஒசாமு அகிமோட்டோவின் ‘கோச்சிகாமே’ 2016இல் 200 தொகுதிகளோடு நின்றது. கோயோஹாரு கோட்டோகேவின் ‘டீமன் ஸ்லேயர்’ 2020 மே மாதம், ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த உச்சத்தில், 205 அத்தியாயத்தோடு முடிக்கப்பட்டது. ‘டிராகன் பால்’ காலத்தில் நடந்திருக்குமா இது? பத்திரிகை பாடம் கற்றிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2024 ஆகஸ்ட்டில் ‘மை ஹீரோ அகாடெமியா’, செப்டம்பரில் ‘ஜுஜுட்சு கைசென்’ என்று அடுத்தடுத்து இரண்டு முடிந்தன. அச்சுப் பிரதிகள் அந்த ஆண்டு 11 லட்சம் அளவுக்கு வந்துவிட்டன. தாங்கி நிற்பது 1997இல் தொடங்கிய அதே ‘ஒன் பீஸ்’. அதுவும் 2022இல் இறுதிக்கட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

பணத்துக்கு இன்று அச்சு மட்டும் கதி இல்லை. 2014இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப் பிளஸ்’ செயலியிலிருந்து ‘ஸ்பை ஃபேமிலி’, ‘கைஜு நம்பர் 8’ போன்றவை வந்து உலகெங்கும் புகழ்பெற்றன. ஷூயிஷா மூழ்கிவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. என் கவலை வேறு. கோக்குவுக்காகக் காசு கொடுத்து வாங்கிய பையன், ரயிலில் இறங்கும் இடம் வரும்வரை மீதிப் பக்கங்களையும் புரட்டினான். பெயர் தெரியாத ஓவியனின் முதல் அத்தியாயம் அப்படித்தான் அவன் கண்ணில் பட்டது. செயலியில் விரல் நேராக வேண்டிய தொடருக்குப் போய்விடுகிறது. முதல் வாசிப்பை இலவசமாகத் திறந்துவைத்து அந்தக் குறையை ஜம்ப் பிளஸ் ஓரளவு சரிக்கட்டுகிறது. இன்று 22 வயதில் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு அலையும் ஒருவருக்கு அது போதுமா என்பது ‘ஒன் பீஸ்’ முடியும் நாளில் தெரிந்துவிடும்.

2002இல் முதலிடத்தைத் திருப்பிக் கொடுத்த ‘ஷோனென் மேகசின்’ பிறகு எந்த வழியில் போனது? அது அடுத்த வாரம்.

(தொடரும்)