சக்கரத்துக்குள் எவ்வளவு பெரிய பிரேக் போடலாம்? – ஒரு சிறு வரலாறு

நரிக்குடியிலிருந்து திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டை வரை நிலம் பெரும்பாலும் சமதளம். இருபுறமும் சீமைக் கருவேலம், கண்மாய்க் கரை, கரிசல் காடு. மாட்டுவண்டிக் காலத்தில் இந்தச் சீமையில் பிரேக் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். மூக்கணாங்கயிற்றை இழுத்தால் மாடு நிற்கும், மாடு நின்றால் வண்டியும் நிற்கும். இன்று அருப்புக்கோட்டையைத் தொட்டுச் செல்லும் மதுரை – தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் கார்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. குறுக்கே ஓர் ஆட்டு மந்தை வந்தால் நிறுத்தியாக வேண்டும்.

அதனால்தான் வேகக் கார் வைத்திருப்பவர்கள் "பெரிய பிரேக் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். ஆனால் சக்கரத்தை மாற்றாமல் அதற்குள்ளேயே பெரிய பிரேக்கை அடக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு எழுபது வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

பிரேக் என்பது ஓர் அடுப்பு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 386 கிலோஜூல். நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். வேகம் பாதியானால் வெப்பம் பாதியாகாது, கால்பங்காகிவிடும். அதையே திருப்பிச் சொன்னால், வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு! ஆக பிரேக்கின் வேலை காரை நிறுத்துவது மட்டுமல்ல, அந்தச் சூட்டைத் தாங்கிக் காற்றில் விடுவதும்தான்.

பழைய டிரம் பிரேக்கில் சூடு உள்ளேயே தங்கிவிடும். சூடேறினால் டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக்கில் தட்டு திறந்தவெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். பிரடெரிக் லாங்கெஸ்டர் 1902-லேயே இங்கிலாந்தில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அன்றைய புழுதிச் சாலைகளும் சரியான உராய்வுப் பொருள் இல்லாததும் அதை வளரவிடவில்லை. ஐம்பது வருடம் கழித்துதான் அதற்கு நல்ல காலம் பிறந்தது.

சக்கரத்தில் இடம் இல்லையா? வெளியே எடு!

1953-ல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றது. ஓட்டியவர்கள் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன். எதிரணிக் கார்களின் டிரம்கள் களைத்துப்போன நேரத்திலும் ஜாகுவார் வளைவுக்கு மிக அருகில் வந்து பிரேக் பிடித்தது.

மெர்சிடிஸ் அப்போதும் டிரம்மை விடவில்லை. வேகத்துக்கு ஏற்றபடி டிரம்மைப் பெரிதாக்கினார்கள். அது 16 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கவில்லை. உடனே சக்கரத்தை விட்டு வெளியே எடுத்து, காரின் உடல்பகுதிக்குள் பொருத்தி, தண்டு மூலம் சக்கரத்தோடு இணைத்தார்கள். 1955 லே மானுக்கு வந்த 300 எஸ்எல்ஆர் காரில் அதுவும் போதாமல், ஓட்டுநருக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் பெரிய பலகை ஒன்றையும் வைத்தார்கள். அந்தப் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரே ஓடுபாதையில் வெவ்வேறு திறன் கொண்ட பிரேக்குகளுடன் கார்கள் ஓடியது அன்றிலிருந்து பேசப்பட்டு வருகிறது.

பிரேக்கை வெளியே எடுக்கும் யோசனைக்கும் விலை இருந்தது. லோட்டஸ் 72 காரில் முன்பக்க டிஸ்க்குகள் உடல்பகுதிக்குள் இருந்தன. 1970 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் அந்தக் காரை ஓட்டிய யோகன் ரிண்ட் உயிரிழந்தார். முன்பக்கப் பிரேக் தண்டு முறிந்ததுதான் கார் தடம் மாறக் காரணம் என்று கருதப்படுகிறது. அந்த வருடச் சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகே அவருக்குக் கிடைத்தது.

சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும்

தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றால் பழைய ஆட்கள் சோழவரத்தைத்தான் சொல்வார்கள். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1950களில் தொடங்கி 1980களின் இறுதி வரை அங்கே பந்தயம் நடந்தது. ஓடுதளம் என்பதால் நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் திருப்பம். அதாவது முழு வேகத்திலிருந்து சட்டென்று குறைக்க வேண்டும். இதைவிடக் கடுமையான தேர்வு பிரேக்குக்கு இல்லை.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கிடைத்த அம்பாசடருக்கு 15 அங்குலச் சக்கரம், பியட்டுக்கு 14 அங்குலம், இரண்டிலும் நான்கு பக்கமும் டிரம். விருப்பம்போலப் பெரிய டிஸ்க் வாங்கிப் போட இன்றுபோல் சந்தை கிடையாது. 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்துப் பிரேக் தொழிலும் கைகோத்துச் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. பிறகுதான் உள்நாட்டு உற்பத்தி வேர்பிடித்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டி, பார்முலா 1-ல் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அந்தக் காரிலும் இதே கட்டுப்பாடுதான்! சக்கரம் 13 அங்குலம், அதாவது 330 மில்லிமீட்டர். பிரேக் டிஸ்க் 278 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெரிதாக்க வழியில்லாததால் பொருளை மாற்றினார்கள். 1970களில் பிரபாம் அணி சோதித்த கார்பன் டிஸ்க்குகள் பிறகு எல்லா அணிக்கும் வந்திருந்தன. 2022-ல் சக்கரம் 18 அங்குலமாக மாறிய பிறகே முன் டிஸ்க்கும் சுமார் 330 மில்லிமீட்டராக வளர்ந்தது.

சாலைக் காருக்கு என்ன பாடம்?

பழைய சக்கரத்துக்குள் பெரிய பிரேக் போடுபவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, டிஸ்க்கைச் சுற்றி வரும் காலிப்பருக்கும் ரிம்மின் உள்வட்டத்துக்கும் இடையே உள்ள தூரம். இரண்டு, காலிப்பரின் வெளிமுகத்துக்கும் சக்கரத்தின் ஆரக்காலுக்கும் இடையே உள்ள தூரம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். ரிம் 16 அங்குலமாக இருந்தாலும் ஆரக்கால் உள்பக்கம் வளைந்திருந்தால் காலிப்பர் தட்டும். மூன்று, சமநிலைக்காக ரிம்முக்குள் ஒட்டும் ஈயக்கட்டி. நின்ற இடத்தில் தட்டாத சக்கரம் ஓடும்போது அந்தக் கட்டியால் உரசும். அளவுப்படத்தை அட்டையில் வெட்டிச் சக்கரத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது பணத்தை மிச்சம் பிடிக்கும்.

இடம் கிடைத்துவிட்டால் கார் உடனே நின்றுவிடுமா? இல்லை. பழைய பிரேக்கே டயரை வழுக்க வைக்கும் அளவுக்குப் பிடித்தால், ஒரு முறை நிறுத்தும் தூரத்தை முடிவு செய்வது டயரின் பிடிப்புதான். பெரிய டிஸ்க்கின் பலன், திரும்பத் திரும்பப் பிடித்தாலும் சூட்டில் சோர்ந்துபோகாமல் இருப்பது. கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கும்போது அது தெரியும், நரிக்குடிச் சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாது. முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினால் முன் – பின் சமநிலையும் கெடும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமான ஏபிஎஸ், ஆலை பொருத்திய பிரேக்கை வைத்துச் சரிசெய்யப்பட்டது.

சட்டமும் இருக்கிறது. பதிவு விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மெர்சிடிஸும் லோட்டஸும் பிரேக்கைச் சக்கரத்துக்கு வெளியே எடுத்துப் பார்த்தன. பார்முலா 1 பொருளை மாற்றியது, கடைசியில் சக்கரத்தையே மாற்றியது. சாதாரணக் காருக்கு இவ்வளவு தேவையில்லை. நல்ல டயர், தேயாத பேட், காலாகாலத்தில் மாற்றிய பிரேக் ஆயில் – ஆட்டு மந்தைக்கு முன்னால் காரை நிறுத்தப் பெரும்பாலும் இவை போதும்.