டேங்க்: ஏரியிலிருந்து தொட்டிக்கு

'டேங்க்' என்ற ஆங்கிலச் சொல் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இரண்டு நீர்நிலைகளைக் குறிக்கிறது. ஊராருக்கு அது தூண்களின் மேல் நிற்கும் குடிநீர்த் தொட்டி. பாசனத் துறைக் கோப்புகளில் ஏரி. ஏரி என்பதே இந்த மண்ணில் அதற்கு முந்தைய பொருள். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தேக்கத்துக்கு வழங்கிய சொல், ஒலியில் நெருங்கிய போர்த்துகீசியச் சொல்லோடு கலந்து, 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர் பேச்சில் புகுந்தது என்பர்.

வயலுக்கு மதகு வழியே நீர்விட்டு, மிகுந்ததைக் கலிங்கு வழியே கழிக்கும் ஏரி; ஊர் குடிக்கும் ஊருணி; நாற்புறமும் படிகட்டிய தெப்பக்குளம்; தாங்கல், கண்மாய். எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் ஏடுகளில் ஒரே பெயர், டேங்க். பயனையும் பொறுப்பையும் பேரிலேயே சொல்லிய தமிழ் வழக்கு அதில் மறைந்துபோனது பெரிய இழப்பு.

அந்தச் சொல்லுக்குள் அடைபட்ட பெரிய ஏரிகளில் ஒன்று சோழகங்கம். கங்கைவரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திரன் (1014–1044), தன் புதிய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தின் மேற்கே இதை அமைத்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதை நீராலான வெற்றித்தூண் என்று போற்றுகிறது. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1855இல் வெளியான தென்னிந்திய கெசட்டியர் இதன் சிதைவை விவரிக்கிறது: உடையார்பாளையம் வட்டத்தில் வடக்கு தெற்காக 16 மைல் கரை, பெரிய மதகுகள், தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைல் வந்த கால்வாய், வடக்கே வெள்ளாற்றிலிருந்து வந்த சிறிய கால்வாய். ஏரி அதற்கு வெகுகாலம் முன்பே தூர்ந்து, உட்பகுதியில் காடு மண்டியிருந்தது. கொள்ளிடத்தில் கீழணை கட்ட, 1836 வாக்கில், கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் சுற்றுமதிலைப் பிரித்துக் கல் எடுத்ததையும் அந்நூல் பதிந்திருக்கிறது. அணையால் பயன் விளைந்தது உண்மை. போன மதில் திரும்பவில்லை. எஞ்சிய ஏரி இன்று பொன்னேரி.

ஏரி பராமரிப்பில் ஊராரின் கூட்டுழைப்பான குடிமராமத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. பின்னாளில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உடைய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஆற்றுக் கால்வாயில் நிரம்புவது 'சிஸ்டம் டேங்க்', மழையை நம்பியது மானாவாரி ஏரி. முதல் வகையைச் சேர்ந்த, புள்ளம்பாடி வாய்க்கால் நீர் பெறும் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஐரோப்பாவில் 'டேங்க்' என்ற சொல் வேறு வழியில் போனது. 1915இல் பிரிட்டன் கவச வண்டிகளைச் செய்தபோது, ரகசியம் காக்க அவற்றை டேங்க், அதாவது தண்ணீர்த் தொட்டி, என்று சொல்லிவைத்தது. அந்தப் பெயரே போர் வண்டிக்கு நிலைத்தது. பெட்ரோல் டேங்க், செப்டிக் டேங்க், டேங்கர் லாரி என்பவை தமிழ்ப் பேச்சோடு கலந்துவிட்டன.

ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி வந்ததோடு 'டேங்க் ஆபரேட்டர்' என்ற வேலையும் வந்தது. மோட்டார் போடுவது, வால்வு திறந்து தெருத்தெருவாக நீர் விடுவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது, தொட்டி கழுவுவது அவர் பணி. இவரைப் போலவே, ஏரிப் பாசனத்தில் மதகைத் திறந்து வயல்வாரியாக நீர் பங்கிட்டவர் நீர்க்கட்டி. அதற்குக் கூலியாக அறுவடையில் நெல் பெற்றார். ஆபரேட்டருக்கு ஊராட்சி சம்பளம் தருகிறது.