ஹேஷ்டேக் டிரெண்ட் ஆனால் உங்கள் கருத்து பதிவாகிவிடுமா? பொது விவாதத்தைப் பின்தொடரவும் அதில் பேசவும் ஒரு வழிகாட்டி

ஒரு வரைவுச் சட்டம் வெளியாகிறது. மதியத்துக்குள் அதைப் பற்றி ஒரு ஹேஷ்டேக் டிரெண்ட் ஆகிறது. நீங்களும் கடுப்பாகி நாலு வரி எழுதிப் போடுகிறீர்கள். நூறு லைக், இருபது ரீபோஸ்ட். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து போனை எடுத்தால் வேறொரு ஹேஷ்டேக் ஓடுகிறது. சில மாதம் கழித்து அந்த வரைவு பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அமலுக்கு வருகிறது. 'இவ்வளவு பேர் கத்தினோமே, ஒண்ணுமே நடக்கலையே' என்று தோன்றும்.

நீங்கள் கத்திய இடமும், கருத்துக் கேட்கப்பட்ட இடமும் வேறு வேறாக இருந்திருக்கலாம். சோஷியல் மீடியாவில் பேசுவது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே நடக்கும் பேச்சை எப்படிப் படிப்பது, எதை நம்புவது, அங்கிருந்து உங்கள் கருத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

24 லட்சம் கருத்துகள் வந்தபோது என்ன நடந்தது?

2015 மார்ச் 27 அன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற இணையச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றியது. 118 பக்கம், 20 கேள்விகள். வேலைக்குப் போகிறவர் உட்கார்ந்து படிக்கிற சமாச்சாரம் இல்லை.

தன்னார்வலர்கள் சிலர் அதைச் சுருக்கினார்கள். 20 கேள்விகளுக்கும் மாதிரிப் பதில்களைத் தயாரித்து, 'சேவ் தி இன்டர்நெட்' என்ற தளத்திலிருந்து நேரடியாக ட்ராய்க்கு மெயில் போகும்படி செய்தார்கள். ஏப்ரல் 11 அன்று ஏஐபி நகைச்சுவைக் குழு இதைப் பற்றி ஒரு யூடியூப் வீடியோ போட்டது. பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போகவில்லை, மெயிலும் அனுப்பினார்கள். ஏப்ரல் 24 என்ற கெடு முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் அதிகமான மெயில்கள் போய்ச் சேர்ந்தன.

கதையின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான். 2015 டிசம்பரில் ட்ராய் இன்னொரு அறிக்கை வெளியிட்டது. வெவ்வேறு இணையதளங்களுக்கு வெவ்வேறு டேட்டா கட்டணம் வசூலிக்க நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பது விவாதம். நான்கே கேள்விகள். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை நடத்திய ஃபேஸ்புக், தன் பயனர்களிடம் 'ஆதரவு தெரிவியுங்கள்' என்று கேட்டு, ஒரே கிளிக்கில் கருத்து அனுப்ப வசதி செய்தது. மொத்தம் சுமார் 24 லட்சம் கருத்துகள் வந்தன. அவற்றில் முக்கால் பங்குக்கும் மேல் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரித்தவை.

வாக்கெடுப்பாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கருத்துகள் தான் கேட்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை என்றது ட்ராய். ஆலோசனை என்பது பெரும்பான்மைக் கருத்துக் கணிப்பு ஆகிவிடக் கூடாது என்றும் ஃபேஸ்புக்குக்குக் கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, இணையதளத்துக்கு ஏற்ப டேட்டா கட்டணத்தை மாற்றுவதற்குத் தடை விதித்து விதிமுறை வந்தது.

எதிர்த்தவர்களில் பெரும்பாலோரும் மாதிரிப் பதில்களைத்தான் அனுப்பினார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: அந்த மாதிரியில் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது.

அப்படியென்றால் டிரெண்டுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தைச் சேர்த்ததில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் பதிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 17-ம் தேதி தொடங்கிய போராட்டம், 21-ம் தேதி அவசரச் சட்டத்தில் போய் நின்றது. ஆனால் அங்கே வேலை செய்தது ஹேஷ்டேக் மட்டும் இல்லை, அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்து நின்ற மக்களும்தான்.

டிரெண்ட் கவனத்தை ஈர்க்கும். மக்கள் கருத்தை அளக்கும் கருவியாக அதை எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். காரணங்கள் மூன்று.

ஒன்று, எக்ஸ் தளத்தில் நீங்கள் பார்க்கும் டிரெண்ட் பட்டியல் உங்கள் இடத்தையும், நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பதையும் பொறுத்து மாறக்கூடியது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வேறு பட்டியல் வரலாம்.

இரண்டு, டிரெண்டைத் திட்டமிட்டு உருவாக்க முடியும். ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை, சில நிமிட இடைவெளியில் பல கணக்குகளில் வந்தால் யாரோ எழுதிக் கொடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கட்சிகளின் ஐடி விங் மட்டும் இல்லை, ரசிகர் மன்றங்களும் இதில் கைதேர்ந்தவை.

மூன்று, கூகுள் டிரெண்ட்ஸில் தெரியும் '100' என்பது நூறு பேரும் இல்லை, நூறு சதவீதமும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தத் தேடல் உச்சத்தில் இருந்த நேரத்துக்கு 100 என்று பெயர். மற்ற நாட்களை அதோடு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை மதிப்பு கொடுப்பார்கள். யாருமே பெரிதாகத் தேடாத வார்த்தைக்கும் ஒருநாள் 100 வரும்.

டேட்டா ஜர்னலிஸ்ட்களுக்கே இப்போது இதை அளப்பது கஷ்டமாகிவிட்டது. எக்ஸ் தளத்தின் தரவை இலவசமாக எடுக்கும் வசதி 2023-ல் பெருமளவு முடங்கியது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் எது பரவுகிறது என்று பார்க்க உதவிய க்ரவுட்டேங்கிள் கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியது. அதனால் 'நாடே கொந்தளிக்கிறது' என்று யாராவது ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

சரி, ஒரு விவாதத்தை ஒழுங்காகப் பின்தொடர்வது எப்படி?

ஃபீடில் வருவதைப் பார்ப்பது பின்தொடர்வது ஆகாது. அது அல்காரிதம் உங்களுக்குப் பரிமாறுவது. நீங்களே தேடி எடுக்க இந்த ஐந்தைச் செய்யலாம்.

• லிஸ்ட் போடுங்கள். எக்ஸ் தளத்தில் ஒரு விஷயத்துக்கு ஒரு லிஸ்ட் உருவாக்கலாம். துறை அமைச்சகம், அந்தத் துறைச் செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள், ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று 20 கணக்குகள் போதும். அவர்களை ஃபாலோ பண்ண வேண்டிய அவசியம்கூட இல்லை. லிஸ்ட்டை பிரைவேட்டாக வைத்தால் சேர்க்கப்பட்டவருக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடிக்காத தரப்பிலிருந்து குறைந்தது ஐந்து பேரையாவது சேருங்கள்.

• அட்வான்ஸ்டு சர்ச் பயன்படுத்துங்கள். எந்தக் கணக்கு, எந்தத் தேதிக்குள், எந்த மொழி, குறைந்தது எத்தனை லைக் என்றெல்லாம் வடிகட்டலாம். ஒரு சர்ச்சை எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கத் தேதி வடிகட்டி ரொம்ப உதவும். பல சமயம், இன்றைக்குக் கொதிக்கிற வீடியோ மூன்று வருடம் பழையது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

• மூன்று விதமாகத் தேடுங்கள். தமிழ் எழுத்தில், தங்கிலீஷில், ஆங்கிலத்தில். மூன்றிலும் வேறு வேறு ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

• அலர்ட் வையுங்கள். கூகுள் அலர்ட்ஸில் வரைவின் பெயரைக் கொடுத்துவிட்டால், புதிதாக எதுவும் வரும்போது மெயில் வரும். ஹேஷ்டேக் அடங்கிப் போன பிறகும் விஷயத்தை மறக்காமல் இருக்க இது ஒரு நல்ல வழி.

• மூல ஆவணத்தைத் திறங்கள். மசோதா என்றால் பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் தளத்தில் மூலமும் சுருக்கமும் கிடைக்கும். அரசு அறிவிக்கை என்றால் இ-கெஜட் தளம். வைரல் பதிவு எந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறதோ, அந்த ஒரு பிரிவையாவது படித்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

பார்த்ததை எப்படிச் சரிபார்ப்பது?

படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். அரசு உத்தரவு மாதிரி ஒரு பேப்பர் வந்தால் அதில் இருக்கும் தேதியையும் எண்ணையும் துறையின் தளத்தில் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி பலமுறை ஃபார்வேர்டு ஆகி வந்திருக்கிறது. அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்ததற்குக் காரணம் வதந்திதான்.

எக்ஸ் தளத்தின் 'கம்யூனிட்டி நோட்ஸ்' வசதியில் 2024 ஏப்ரல் முதல் இந்தியப் பயனர்களும் குறிப்பு எழுதலாம். வழக்கமாக எதிரெதிர்க் கருத்துக் கொண்டவர்களும் சேர்ந்து 'இது உபயோகமானது' என்று சொன்னால்தான் குறிப்பு எல்லோருக்கும் தெரியும். அதனால் அது தாமதமாக வரும், பல பதிவுகளுக்கு வராமலேயும் போகும். ஒரு பதிவின் கீழே குறிப்பு இல்லை என்பதற்காக அது உண்மை என்று ஆகிவிடாது.

கருத்து எங்கே போய்ச் சேர வேண்டும்?

மத்திய அரசின் 2014-ம் ஆண்டு சட்ட முன்-ஆலோசனைக் கொள்கைப்படி, வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இது கொள்கைதான், சட்டம் இல்லை, அதனால் எல்லா நேரமும் பின்பற்றப்படுவதில்லை. கருத்துக் கேட்கும்போது அறிவிப்பில் ஒரு முகவரியும் கடைசித் தேதியும் இருக்கும். அந்த இரண்டும்தான் உங்களுக்கு முக்கியம். மைகவ் தளம், துறையின் மெயில், ட்ராய் போன்ற ஆணையங்களின் தளம், நாடாளுமன்ற நிலைக்குழு கேட்கும் மனு என இடம் மாறும்.

அந்தத் தேதியை நீட்டிக்கவும், ஆவணத்தை நம் மொழியில் கேட்கவும் முடியும் என்று 2020-ல் பார்த்தோம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. எதிர்ப்பு பரவியது, தன்னார்வலர்கள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மொழிபெயர்த்துப் பகிர்ந்தார்கள், விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்த நீதிமன்றம், எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கச் சொன்னது. லட்சக்கணக்கான கருத்துகள் குவிந்தன.

சொன்னது வெளியே தெரியுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ட்ராய் தனக்கு வரும் கருத்துகளைத் தளத்தில் வெளியிடும், அவற்றுக்கு எதிர்க்கருத்து சொல்லவும் நேரம் கொடுக்கும். 2025 ஜனவரியில் வெளியான தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்குக் கருத்துக் கேட்டபோது, வந்தவற்றை வெளியிட மாட்டோம் என்று அரசு முன்கூட்டியே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், நீங்கள் அனுப்பியதன் நகலை நீங்களே எக்ஸ், லிங்க்ட்இன் பக்கத்தில் போடலாம். யார் என்ன சொன்னார்கள் என்பதற்குப் பொதுவெளியில் ஒரு பதிவாவது இருக்கும்.

என்ன எழுதுவது?

நீளமாக எழுத வேண்டாம். நான்கு விஷயம் போதும்: எந்தப் பிரிவு, அதில் என்ன பிரச்சினை, அது உங்களையோ உங்கள் துறையையோ எப்படிப் பாதிக்கும், அதற்குப் பதில் என்ன வாசகம் இருக்கலாம். 'இது மக்கள் விரோதச் சட்டம்' என்று எழுதினால் படிப்பவருக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை. 'இந்தப் பிரிவின்படி பத்து பேர் வேலை பார்க்கும் எங்கள் நிறுவனமும் இந்த அதிகாரியை நியமிக்க வேண்டியிருக்கும், செலவு தாங்காது, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு வேண்டும்' என்று எழுதினால் அதற்கு அவர் பதில் யோசிக்க வேண்டும். உங்கள் வேலை அனுபவம்தான் வேறு யாரும் எழுத முடியாத பகுதி.

அனுப்புவதற்கு முன் மூன்று எச்சரிக்கைகள்

2015-ல் வந்த 10 லட்சம் மெயில்களை, அனுப்பியவர்களின் மெயில் முகவரியோடு ட்ராய் தளத்தில் ஏற்றியது பெரிய சர்ச்சையானது. பொதுக் கருத்துக்கென்று தனி மெயில் ஐடி வைத்துக்கொள்வது நல்லது. போன் நம்பர், வீட்டு முகவரியைக் கேட்காத இடத்தில் எழுதாதீர்கள்.

அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகள் அரசுக் கொள்கையை வெளியில் விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. தனியார் நிறுவனத்திலும் சோஷியல் மீடியா பாலிசி இருக்கலாம், சேரும்போது கையெழுத்துப் போட்ட அந்த பிடிஎஃப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. அதற்காக இணையத்தில் எதையும் சொல்லலாம் என்று இல்லை. பகைமையைத் தூண்டும் பேச்சு, பொது அமைதியைக் கெடுக்கும் பொய்த் தகவல் ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவுகள் உண்டு. எழுதியவர் மட்டும் இல்லை, பரப்பியவரும் மாட்டலாம்.

அடுத்த முறை ஒரு வரைவைப் பற்றி உங்கள் டைம்லைன் கொதிக்கும்போது, போஸ்ட் போடுங்கள், தப்பில்லை. கூடவே கடைசித் தேதியையும் கருத்து அனுப்பும் முகவரியையும் அதே போஸ்டில் சேர்த்துவிடுங்கள். லைக் போடுகிற நூறு பேரில் பத்து பேர் மெயில் அனுப்பினால்கூட, அந்தப் பத்தும் கோப்பில் இருக்கும்.