பரணிலிருந்து கூடத்துக்கு: ஊறுகாய் ஜாடி வந்த வழி

நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளுக்குப் போனால், கூடத்தில் ஒரு மூலையிலாவது பழைய பீங்கான் ஜாடி கண்ணில் படும். மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெளிறிய சந்தன நிறம். ஒருவர் அதில் மணி பிளான்ட் வளர்க்கிறார், இன்னொருவர் குடைகளைச் செருகி வைத்திருக்கிறார். "எங்க பாட்டி மாவடு போட்ட ஜாடிங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாட்டிக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பெயர். பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து நமக்கு வந்தது. தென் மாவட்டங்களில் இந்த ஜாடியைப் பரணி என்பார்கள், மலையாளத்திலும் அப்படித்தான். மராத்தியிலும் குஜராத்தியிலும் பர்ணி. தெலுங்கில் நம்மைப் போலவே ஜாடி. இந்தி பேசும் பக்கத்து வீட்டு அம்மாளைக் கேளுங்கள், 'மர்த்தபான்' என்பார். அது ஓர் ஊரின் பெயர்! பர்மாவில் சால்வீன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த பழைய துறைமுகம் மார்த்தபான்; இன்றைய பெயர் மொட்டமா.

அந்தத் துறைமுகத்திலிருந்து மெருகிட்ட பெரிய ஜாடிகள் இந்தியப் பெருங்கடல் முழுக்கப் போயின. எல்லாம் அங்கேயே செய்தவை அல்ல. தென்சீனத்திலும் சயாமிலும் சுட்டவையும் அதே பெயரில் விலை போயின. 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா (மதுரை சுல்தானின் அரண்மனைக்கும் வந்துபோனவர்) தமக்குப் பரிசாகக் கிடைத்த நான்கு மர்த்தபான்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே இருந்தவை கடல் பயணத்துக்காக உப்பிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய். நம் ஊறுகாய் ஜாடிதான், வேறென்ன!

சீனப் பீங்கான் வியாபாரத்துக்குத் தமிழ்க் கரையும் அந்நியமல்ல. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980களில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆய்வு செய்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

ஊறுகாய்க்கு ஏன் இந்த ஜாடி? உப்பும் புளிப்பும் பித்தளையை அரிக்கும். சாதாரண மண்பானை எண்ணெயைக் குடிக்கும். நம் குயவர் சூளையில் வெப்பம் ஆயிரம் டிகிரியை எட்டுவது அரிது. ஜாடியோ சுமார் 1200 டிகிரியில் வேகிறது. அந்தச் சூட்டில் களிமண் கல்லாக இறுகிவிடும். சில சூளைகளில் உச்ச வெப்பத்தின்போது உள்ளே உப்பை அள்ளி வீசுவார்கள். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணிலுள்ள மணற்சத்தோடு கலந்து கண்ணாடிப் படலமாகிவிடும். ஆரஞ்சுத் தோல் போலப் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்த பழைய ஜாடி இருந்தால், அது உப்பு மெருகு என்று தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தொழில் ஆலைக்குள் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்து ராணிகஞ்சில் பர்ன் கம்பெனி உப்பு மெருகிட்ட சாக்கடைக் குழாய்களைச் செய்தது. தூக்கி வைத்துக் கொண்டாடும் ஜாடியும் தெருவுக்கடியில் கிடக்கும் குழாயும் பங்காளிகள்! பிறகு குஜராத்தின் தான்கட், உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா, நம் ராணிப்பேட்டை என்று பீங்கான் ஊர்கள் பெருகின. நம் வீடுகளில் இருக்கும் இருநிற ஜாடிகள் பெரும்பாலும் இந்த ஆலைக் காலத்தவை. அடியைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் கம்பெனி முத்திரை இருக்கும். தோள்பட்டையில் கயிறு கட்டக் காதுகள் வைத்த, கருமையான பெரிய ஜாடி உங்களிடம் இருந்தால் அது இன்னும் பழைய வம்சமாக இருக்கலாம். ஒரு நிபுணரிடம் காட்டுங்கள்.

செட்டிநாட்டு வீடுகள் பல இப்படிப்பட்ட ஜாடிகளால் நிறைந்திருந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்த கொடுக்கல் வாங்கல் சரிந்தது. பெரிய வீடுகளைப் பங்கு பிரித்தார்கள். சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. அங்கே வாங்கிய ஜாடி இன்று யார் யார் கூடத்திலோ நிற்கிறது. எந்த வீட்டுது, யார் கொண்டுவந்தது என்ற செய்தி மட்டும் கூட வரவில்லை. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

இனி அலங்காரத்துக்கு வருவோம். ஜாடியைத் தாராளமாகக் கூடத்தில் வையுங்கள். விளக்குப் பொருத்தவோ செடிக்குத் தண்ணீர் வடியவோ அடியில் துளை மட்டும் போடாதீர்கள்; செடியைச் சின்னத் தொட்டியோடு உள்ளே இறக்கினால் போதும். மெருகு வெடித்த பழைய பாத்திரத்திலும், வண்ணப் பூப்போட்ட பழைய தட்டுகளிலும் சாப்பாட்டுச் சாமான் வைக்க வேண்டாம். அந்த மெருகில் ஈயம் கலந்திருக்கலாம், புளிப்பு பட்டால் அது இறங்கும்.

ஒன்றை மட்டும் கூடத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஊருக்குப் போகிறவர்கள் சிலர் பழைய மேடுகளிலிருந்து பானை ஓடுகளைப் பொறுக்கி வந்து ஷோகேஸில் வைக்கிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, இத்தாலியப் பானை ஓடுகள் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பதை வைத்துத்தான் அங்கே கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தைக் கணித்தார். அடுக்கை விட்டுப் பெயர்த்த ஓடு ஊமையாகிவிடும். பார்க்க ஆசையாக இருந்தால் 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளை அங்கே பார்க்கலாம்.

"அமெரிக்காவில இருக்கற பையனுக்கு அனுப்பலாமா?" என்று கேட்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விற்பதைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும். வயது சந்தேகமாக இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் கேட்டுப் பெறலாம்.

உள்ளே இருக்கும் ஜாடிக்கு இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், எதைப் போட்டு வைத்தார்கள், எந்த ரயிலில் இங்கே வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதி ஜாடிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராது என்றால், அதைப் படிப்பதற்காகவாவது கற்றுக்கொள்ளட்டும்.