செய்தியில் தப்பு இருக்கா? டேக் செய்தால் போதாது, திருத்தம் கேட்பது இப்படித்தான்

குற்றச் செய்தி ஒன்றில், சம்பந்தமே இல்லாத உங்கள் நண்பரின் போட்டோ வந்துவிட்டது. என்ன செய்வோம்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பத்திரிகையை டேக் செய்து, எக்ஸ் தளத்தில் கொட்டித் தீர்ப்போம். லைக் குவியும். திருத்தம் வருமா என்பது சந்தேகம்தான். புகாரை மேலே கொண்டுபோனாலும், அங்கே கேட்கும் முதல் கேள்வி: "அவங்களுக்கு எழுதினீங்களா?"

முதல் மெயிலில் என்ன இருக்கணும்?

செய்தியின் தலைப்பு, தேதி, தப்பான வரி அப்படியே, சரியான தகவல், அதற்கு ஆதாரம். இவ்வளவு போதும். "உங்க செய்தி பொய்" என்பது கோபம். "மூன்றாவது பத்திக்கு மேலே உள்ள படம் கைதானவருடையது அல்ல" என்பதுதான் கோரிக்கை. இணையச் செய்தி என்றால், மெயில் அனுப்பும் முன்பே பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு 'அப்படி எதுவும் இல்லையே' என்பதும் நடக்கும். படத்தை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றியதைச் செய்தியின் கீழே குறிப்பிட வேண்டும் என்றும் கேளுங்கள்.

சென்னையிலிருந்து வரும் 'தி இந்து', வாசகர் புகார்களைத் தனியாக விசாரிக்க 2006-ல் 'வாசகர் ஆசிரியர்' பதவியை உருவாக்கியது. அந்த வழியில் போன இந்திய ஊடகங்கள் மிகக் குறைவு. (எங்கள் தொழிலுக்கு இது பெருமை இல்லை.)

பதிலே வரலைன்னா?

அச்சுப் பத்திரிகை என்றால் பிரஸ் கவுன்சில். நாளிதழ், வார இதழ் மீதான புகாரை 2 மாதத்துக்குள், மற்ற இதழ்கள் மீதானதை 4 மாதத்துக்குள் தர வேண்டும். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், செய்தியின் நகல், தமிழ்ச் செய்தி என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு, வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் இணைக்கணும்.

இவ்வளவு அலைந்து கிடைப்பது என்ன? 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. ஆனால் விசாரணை விவரத்தை அதே பத்திரிகையில் வெளியிடச் சொல்ல முடியும். பெயர் கெட்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

டிவி என்றால் அவகாசம் குறைவு. ஒளிபரப்பான 7 நாளுக்குள் சேனலுக்கு எழுத வேண்டும். திருப்தி இல்லை என்றால் என்.பி.டி.எஸ்.ஏ. என்ற சுயகட்டுப்பாட்டு அமைப்பை அணுகலாம். அதன் உறுப்பினர் சேனல்களுக்கு மட்டுமே இது பொருந்தும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் நிலைமை குழப்பம். 2021 ஐ.டி. விதிகள், புகார் வந்த 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு என்று மூன்றடுக்கு முறையைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், டிஜிட்டல் செய்தி ஊடகங்களுக்கான நெறிமுறை விதிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் பல தளங்களில் குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் முகவரி பக்கத்தின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

தலைவர்கள் தப்பா சொன்னா?

மேடைப் பேச்சு என்றால் ஆல்ட் நியூஸ், பூம், தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களுக்கு வீடியோவை அனுப்பலாம். மக்களவையில் அமைச்சர் தவறான தகவல் தந்தால், சபாநாயகரின் 115-ஆவது நெறிமுறைப்படி அதைச் சுட்டிக்காட்டி சபாநாயகருக்கு எழுத முடியும். ஆனால் எழுத வேண்டியவர் ஓர் எம்.பி. அதனால் ஆதாரத்தோடு உங்கள் கடிதம் போக வேண்டிய இடம், உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகம்.